பாப்பாவுக்கு ஒரு படி

குழந்தைகளே, உங்க வீட்டுச் சமையல் மேடை எவ்வளவு உயரம்? அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்க. ஆக்லாந்து வீடுகளில் பெரும்பாலும் சுமார் 90 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டரை வயதுக் குழந்தையும் ஏறக்குறைய அதே உயரம்தான்! பாப்பா மேடைக்குப் பக்கத்தில் நின்றால் என்ன தெரியும்? அலமாரிக் கதவு மட்டும்தான். மேலே அப்பா சப்பாத்தி மாவு பிசைவது தெரியாது. அதனால்தான் காலைப் பிடித்துக்கொண்டு "நானும்! நானும்!" என்று அழுகிறாள்.

சின்ன வயதில் விடுமுறைக்கு நான் பாட்டி வீட்டுக்குப் போவேன். பாட்டி தரையில் மணை போட்டு உட்கார்ந்துதான் காய் நறுக்குவார். மணை என்றால் உட்காரும் தாழ்வான பலகை. குழந்தைகளும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்போம். எல்லாரும் ஒரே உயரம்! இங்கே சமையல் வேலை எல்லாம் நின்றுகொண்டுதான். அதனால் பாப்பாவை மேலே கொண்டுவர ஒரு படி வேணும்.

இத்தாலியில் மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் இருந்தார். அவர் 1907ல் ரோம் நகரில் சிறு குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். மேசை, நாற்காலி எல்லாம் குழந்தைகளின் அளவுக்கு இருக்கணும் என்று சொன்னார். அப்போதுதான் அவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்வார்கள். அவர் 1939ல் சென்னை அடையாறுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

ஸ்டூல் ஏன் கவிழ்ந்தது?

நான் முதலில் செய்த ஸ்டூல் பார்க்க அழகாக இருந்தது. மேல் பலகை அகலம். கால்கள் நடுவில் நெருக்கமாக இருந்தன. என் மகள் ஏறினாள். நடுவில் நிற்கவில்லை. தக்காளியை எடுக்க ஓரத்துக்குப் போனாள். ஸ்டூல் சாய்ந்தது! நல்ல வேளை, பக்கத்தில் நின்ற நான் அவளைப் பிடித்துவிட்டேன்.

ஏன் சாய்ந்தது? நீங்களே சோதித்துப் பாருங்க. ஒரு சின்னப் பெட்டியின் மேல் அடிக்கோலை வையுங்க. நடுவில் விரலால் அழுத்துங்க. ஒன்றும் ஆகாது. இப்போது ஒரு நுனியில் அழுத்துங்க. மறு நுனி மேலே எழும்பும். பெட்டிதான் ஸ்டூலின் கால். அடிக்கோல்தான் பலகை. பலகை காலைத் தாண்டி நீண்டிருந்தால், அங்கே மிதிக்கும்போது ஸ்டூல் கவிழும்.

இதுதான் நம் விதி: பாப்பா எங்கே மிதித்தாலும் அதற்குக் கீழே கால் இருக்கணும்.

எவ்வளவு உயரம்?

பாப்பாவை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்க. என் மகளுக்கு 52 சென்டிமீட்டர். மேடை 90. கழித்துப் பாருங்க: 90 − 52 = 38. படியின் உயரம் 38 இருந்தால் மேடை அவள் முழங்கைக்கு நேராக வரும். 38 சென்டிமீட்டரை ஒரே எட்டில் ஏற முடியாது. அதனால் இரண்டு படி: ஒவ்வொன்றும் 19.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். பக்கப் பலகையை 38 உயரத்துக்கு வெட்டிவிட்டேன். அதன் மேல் வரும் படிப் பலகையின் தடிமனை மறந்துவிட்டேன்! அது 1.8 சென்டிமீட்டர். அப்படியானால் பக்கப் பலகை எவ்வளவு இருக்கணும்? 38 − 1.8 = 36.2. கீழ்ப்படிக்கு? 19 − 1.8 = 17.2.

எந்த மரம்?

நியூசிலாந்தில் அதிகம் கிடைப்பது ரேடியாட்டா பைன். கலிபோர்னியாவிலிருந்து வந்த மரம் இது. இங்கே வேகமாக வளரும். கைங்காரோவா காட்டில் இதைத்தான் பெரிய அளவில் நட்டிருக்கிறார்கள்.

ஆனால் கவனம்! இந்த மரம் மழையில் சீக்கிரம் மக்கிப்போகும். அதனால் வேலிக்கும் வெளித் தளத்துக்கும் விற்கும் பலகைகளில் மருந்து ஏற்றுவார்கள். பல பலகைகளில் அந்த மருந்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் இருக்கும். ஆர்செனிக் ஒரு விஷம். பாப்பா எதையும் வாயில் வைப்பாள் இல்லையா? அதனால் இந்தப் பலகை நமக்கு வேண்டாம். மீதித் துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. கடையில் "மருந்து ஏற்றாத, அன்ட்ரீட்டட் பைன் வேணும்" என்று கேட்டு வாங்குங்க.

செய்வது எப்படி?

அறுப்பதும் துளை போடுவதும் பெரியவர்கள் வேலை. அளப்பது, கோடு போடுவது, தேய்ப்பது உங்க வேலை.

1. படிக்கட்டு வடிவத்தில் இரண்டு பக்கப் பலகைகள் வரையுங்க. அடிப்பக்கம் 40 செ.மீ. நீளம். முன்பக்கம் 17.2, பின்பக்கம் 36.2 உயரம். கீழ்ப்படிக்கு 18, மேல்படிக்கு 22 செ.மீ. இடம் விடுங்க.
2. 40 செ.மீ. நீளத்தில் இரண்டு படிப் பலகைகள் வேணும். ஒன்று 18 அகலம், இன்னொன்று 22 அகலம். இவை பக்கப் பலகையைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. நம் விதி நினைவிருக்கா?
3. திருகாணி போடும் முன் சின்னத் துளை போடணும். இல்லாவிட்டால் பலகை பிளந்துவிடும்.
4. மரப்பசை தடவி, திருகாணியால் இறுக்குங்க. பின்னால் ஒரு குறுக்குப் பலகை போடுங்க. அது இல்லாவிட்டால் படி இடமும் வலமும் ஆடும்.
5. உப்புத்தாளால் தேயுங்க. முதலில் 80 எண், பிறகு 120, கடைசியில் 240. எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். மூலைகளை உருட்டிவிடுங்க. கன்னத்தில் தடவினாலும் குத்தக் கூடாது!
6. அடியில் ரப்பர் ஒட்டுங்க. வழுக்காது.

முடிந்ததும் நாலு மூலையிலும் கையால் அழுத்திப் பாருங்க. ஆடவில்லையா? இனி பாப்பாவைக் கூப்பிடலாம். ஆனால் அவள் ஏறி நிற்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கணும். படி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

எங்க வீட்டில் என் மகள் இப்போது தினமும் அரிசி கழுவுகிறாள். பாதி அரிசி கீழே சிந்தும். பரவாயில்லை. "நானும்!" என்று இப்போது அழுவதில்லை. "நான்தான்!" என்கிறாள்.

புதிய சொற்கள்

மணை – உட்காரும் தாழ்வான பலகை
தடிமன் – பலகை எவ்வளவு கனமானது என்ற அளவு
திருகாணி – திருகி இறுக்கும் ஆணி
உப்புத்தாள் – மரத்தைத் தேய்க்கும் சொரசொரப்பான தாள்
நாற்காலி – நான்கு கால் உள்ளது. அப்படியானால் முக்காலிக்கு எத்தனை கால்?

பேசுவோம், செய்வோம்

1. முதல் ஸ்டூல் ஏன் சாய்ந்தது? உங்க சொந்த வாக்கியத்தில் சொல்லுங்க.
2. மேடை 92 செ.மீ., பாப்பாவின் முழங்கை 56 செ.மீ. படியின் உயரம் என்ன? பலகையின் தடிமன் 1.8 என்றால் பக்கப் பலகையின் உயரம் என்ன?
3. பாட்டி அல்லது தாத்தாவிடம் கேளுங்க: "நீங்க சின்ன வயசில் சமையலறையில் என்ன வேலை செய்தீங்க?" பதிலை மூன்று வரியில் எழுதுங்க.