இழுப்பது மாடு, தாங்குவது அச்சு

பாரம் இழுக்க வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது இன்ஜினைப் பற்றித்தான். "எத்தனை குதிரை சக்தி? எத்தனை டன் இழுக்கும்?" என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் (குறள் 475) பாரம் ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்ல வந்தபோது மாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஏற்றியது மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் முறிவது அச்சு என்றுதான் சொன்னார். வாகனத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் கழித்த என் அனுபவமும் அதுவே. இன்ஜின் போதாமல் வண்டி நின்றால் நேரம்தான் போகும்; அச்சும் டயரும் போதாமல் போனால் உயிர் போகும்.

இதை இப்போது எழுதக் காரணம், ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணன் மகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி. "சித்தப்பா, லீவுல குடும்பத்தோட ஊர் சுத்த ஒரு டிரெய்லர் வீடு வாங்கப் போறேன். சாமானோட ஏழு டன் வரும். இழுக்க பின்னாடி டபுள் வீல் வெச்ச பிக்-அப் வேணுமா, சிங்கிளே போதுமா? கடைக்காரர் ரெண்டுமே இழுக்கும்ங்கறார்." கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் டில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு மீதிப் பாதியும் தெரிந்திருப்பது நல்லது.

இரட்டைச் சக்கரம் என்பது என்ன?

நாமக்கல்லிலிருந்து டில்லி வரும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அச்சின் ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு டயர்கள் ஒட்டி நிற்கும். 1986இல் வந்த டாடா 407 வண்டியும் இப்படி ஆறு டயர்களில் ஓடுவதுதான். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500 போன்ற பெரிய பிக்-அப்கள் பின்னால் ஒற்றைச் சக்கரத்துடனும் கிடைக்கும், இரட்டைச் சக்கரத்துடனும் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டிலும் அதே டீசல் இன்ஜின்தான். ஆகவே கூடுதல் இரண்டு டயர்கள் இழுப்பதற்காக வந்தவை அல்ல. தாங்குவதற்காகவும் சாயாமல் நிற்பதற்காகவும் வந்தவை.

சாணக்யபுரியில் ஒரு பாடம்

இழுப்பதும் தாங்குவதும் சாயாமல் நிற்பதும் வேறு வேறு வேலைகள் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சாணக்யபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது. 1907இல் தொடங்கி 1927 வரை ஓடியது. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் நிறுவனம் செய்த சிறிய நீராவி இன்ஜின். நடுவிலுள்ள சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தில் உருண்டு பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கும். பக்கவாட்டில் தள்ளி ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஓடும். அது இன்ஜினை இழுப்பதில்லை. பாரத்திலும் சிறு பங்கையே ஏற்கும். ஆனால் அது இல்லையென்றால் ரயில் கவிழ்ந்துவிடும். இரட்டைச் சக்கர பிக்-அப்பில் வெளியே துருத்தி நிற்கும் டயருக்கும் இந்த வேலை உண்டு. கூடவே பாரத்தில் ஒரு பங்கையும் சுமக்கிறது.

ஏழு டன் கணக்கு

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களிலேயே நிற்பதில்லை. பந்துக் கொக்கியில் மாட்டும் சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை இழுக்கும் வண்டியின்மேல் சாய்க்கும். பிக்-அப்பின் பின்தொட்டியில் அச்சுக்கு நேர்மேலே மாட்டும் பெரிய டிரெய்லர் 15 முதல் 25 சதவீதம் வரை சாய்க்கும். 'எத்தனை டன் இழுக்கும்' என்ற விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

அண்ணன் மகனுக்கு நான் போட்டுக் கொடுத்த தோராயக் கணக்கு இது. ஏழு டன்னில் 20 சதவீதம் 1,400 கிலோ. காலி வண்டியின் பின் அச்சில் ஏற்கெனவே 1,400 கிலோ. ஆட்கள், சாமான், கொக்கி எல்லாம் சேர்ந்து பின்னால் இறங்குவது 350 கிலோ. மொத்தம் 3,150. ஒற்றை டயர் 1,600 கிலோ தாங்கும் என்றால் இரண்டுக்கும் 3,200. மிச்சம் வெறும் 50 கிலோ! குளிர்ப்பெட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி டிரெய்லரின் முன்பக்கம் சற்றுக் கனத்து, 20 சதவீதம் 22 ஆனாலே வரம்பு மீறிவிடும்.

இரட்டைச் சக்கரத்தில் வண்டியின் சொந்த எடை சற்றுக் கூடிப் பின் அச்சில் மொத்தம் 3,300 ஆகலாம். டயருக்கு 1,300 வீதம் நான்குக்கு 5,200. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நிறுவனம் குறிக்கும் வரம்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியும் தாராளமாக மிச்சம் இருக்கும். அதனால் அவனுக்கு என் பதில்: "டபுள் வீலே வாங்குப்பா."

ஒரு டயர் 1,600 தாங்கும்போது ஜோடியில் ஏன் 1,300 மட்டும்? ஜோடியாக ஓடும் டயர்கள் ஒருபோதும் சரிபாதியாகப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. மேலும் இரட்டைச் சக்கர வண்டிக்குப் போடுவது அளவில் சற்றுச் சிறிய டயர். நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தக் கணக்கு உண்டு. 2018 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புப்படி இரண்டு டயர் அச்சுக்கு 7.5 டன், நான்கு டயர் அச்சுக்கு 11.5 டன். டயர் இரட்டித்தாலும் அனுமதி இரட்டிக்கவில்லை.

நிறுத்துவதே பெரிய வேலை

திருவாரூர் ஆழித்தேரை வடம் பிடித்து இழுக்க ஆயிரம் கைகள் உண்டு. ஆனால் தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுகிறவரின் கையில்தான் எல்லோர் உயிரும் இருக்கிறது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. ஏழு டன் டிரெய்லருக்கும் அதுதான் பாடம். டிரெய்லருக்கென்று தனி பிரேக் வேண்டும். அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க முடியவேண்டும். மலை இறக்கத்தில் ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும். இரட்டைச் சக்கரம் பக்கக் காற்றில் வண்டி அலைவதைக் குறைக்கும். ஒரு டயர் வெடித்தாலும் ஓரங்கட்டும் வரை அடுத்தது தாங்கும். ஆனால் இல்லாத பிரேக்கை அது தந்துவிடாது.

யாருக்கு வேண்டாம்?

வருடத்தில் இரண்டு தடவை மூன்று டன் இழுப்பவருக்கு இது வீண் செலவு. நான்குக்குப் பதில் ஆறு டயர் வாங்கவேண்டும். காலி வண்டியில் எடை நான்கு பின் டயர்களில் பரவிவிடுவதால் ஈரத்திலும் பனியிலும் பிடிப்பு குறையும். அகலமும் அதிகம். சாணக்யபுரியின் அகலச் சாலையில் அது தெரியாது; அதே வண்டியை முனிர்கா சந்துக்குள் நுழைத்துப் பார்த்தால் தெரியும்.

வைத்திருப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். உள் டயரின் காற்றைச் சோம்பல் படாமல் பாருங்கள். அது இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது, பாரம் முழுவதும் வெளி டயரில் ஏறும். ஜோடியில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போடாதீர்கள். உயரமான டயரே எல்லாவற்றையும் சுமந்து சூடாகும். ஒற்றைச் சக்கர வண்டிக்கு மெக்கானிக்கிடம் சொல்லி இரட்டைச் சக்கரம் மாட்டாதீர்கள். டயர் கூடினாலும் அச்சும் பிரேக்கும் பழையவைதானே!

அன்பர்கள் எந்த ஊரில் வண்டி வாங்கினாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அச்சு வரம்பை முதலில் படியுங்கள். பிறகு குடும்பம், சாமான், டிரெய்லர் எல்லாவற்றோடும் ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, பின் அச்சை மட்டும் தனியாக நிறுத்துப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு அற்பம். அந்த எண் வரம்புக்குள் இருந்தால் ஒற்றைச் சக்கரமே போதும். வரம்பைத் தொட்டால் இரட்டைச் சக்கரத்துக்குப் போங்கள், இல்லையேல் சாமானைக் குறையுங்கள்.