கடற்கரை நகரில் ஓர் அரை மாரத்தான்

“டீச்சர், பஸ்தான் இருக்கிறதே, எதற்காக ஓடுகிறீர்கள்?” என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்களைக் கேட்டாள். நியாயமான கேள்விதான். கணிதம், அறிவியல், உடற்கல்வி ஆகிய மூன்று பாடங்களைக் கற்பிக்கும் நாங்கள் மூவரும் 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடினோம். இருவர் ஓடி முடித்தோம். ஒருவர் முடிக்கவில்லை. முடிக்காதவர் யாரென்றால், எங்களுள் மிகுந்த உடல்வலிமை உள்ள உடற்கல்வி ஆசிரியை! அது எப்படி நேர்ந்தது என்று ஓர் ஆண்டு முழுவதும் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டு, 2025 ஜனவரியில் மீண்டும் ஓடினோம். அறிந்ததை மாணவியருக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டரும் 97½ மீட்டரும் கொண்டது. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர், 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தூரம். அதைச் சரிபாதி ஆக்கியதால்தான் இந்த ஒட்டுத் தொகை.

இத்தனை தூரம் ஓடக் கால் வலிமையே தேவை என்று பலரும் எண்ணுகின்றனர். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். உண்மையில் கடலோர நகரத்தில் ஓடுகிறவருக்குப் பெரும் பகை சூடு. அதுவும் வெயிலின் சூடு அன்று. நம் உடலே உண்டாக்கும் சூடு. ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, அவர் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1,260. இதில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டத்திற்கு உதவாமல் வெறும் வெப்பமாகிவிடுகிறது. சுமார் 1,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோ கலோரி போதும். ஆகவே உண்டாகும் வெப்பம் வெளியேறவே இல்லையென்றால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும். நான்கைந்து கிலோமீட்டரிலேயே ஆபத்து! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கே வியர்த்தது.

நல்லவேளையாக வியர்வை இருக்கிறது. நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. தோலும் அவ்வாறே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். அப்படியானால் எங்கள் கணக்கில் உள்ள ஆயிரத்தையும் நீக்க ஒன்றே முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ‘ஆவியாக வேண்டும்’ என்பதைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்விக்காது. ஐப்பசி மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் சில்லென்று இராததும், கொடியில் போட்ட சீருடை காயாததும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால்தான். சென்னையில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ‘மார்கழி அதிகாலைதானே, குளுகுளுவென்று இருக்கும்’ என்று எண்ணி ஓடுவோம்; உடலோ வியர்வையில் நனைந்து, உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

2024இல் நடந்தது இதுவே. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று பழகியிருந்த நம் உடற்கல்வி ஆசிரியை, கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் 5 கிலோமீட்டரை 29 நிமிடத்தில் கடந்துவிட்டார். வேகமாக ஓடுகிறவர் வேகமாக வெப்பத்தை உண்டாக்குகிறார். பதினேழாம் கிலோமீட்டர் அருகே, எங்களை உற்சாகப்படுத்த வந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாயாருடன் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆசிரியை அவளைப் பார்த்துச் சிரித்து, அவளுடைய அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்தார். அக்கா படித்து முடித்துப் போய் ஐந்தாண்டுகள் ஆகின்றன! அடுத்து, “பஸ் வந்துவிட்டதா?” என்றும் கேட்டார். கைகளில் மயிர்க்கூச்செறிந்திருந்தது, நடை தள்ளாடியது.

மற்றவர்களாயிருந்தால் “இன்னும் நான்கே கிலோமீட்டர்தான் டீச்சர், விடாதீர்கள்!” என்று கைதட்டியிருப்பார்கள். அப்பெண் அவ்வாறு செய்யவில்லை. முதலுதவி வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆசிரியையின் கையைப் பிடித்து நிழலில் படுக்க வைத்தாள். வைத்திருந்த இரண்டு கேன் தண்ணீரையும் தலை முதல் கால் வரை ஊற்றினாள். சாலையோரம் மீன் விற்க வந்திருந்த அம்மா ஒருவர் தம் பெட்டியிலிருந்த ஐஸை அள்ளிக் கொடுத்தார். அதைத் துப்பட்டாவில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார்கள். தாயார் விடாமல் விசிறினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆசிரியை தம் பெயரையும் கிழமையையும் சரியாகச் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் ஒருநாள் இருந்து நலமுடன் வீடு திரும்பினார். மீன்வாடை மட்டும் இரண்டு நாள் போகவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பேச்சும் அறிவும் குழம்பினால் அது வெப்ப மயக்கத்தையும் கடந்த வெப்பத் தாக்கு. மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர்களின் முடிவு. பெரிய தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பிக் கழுத்து வரை அமிழ்த்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. பேச்சுக் குழறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இதைப் படிக்கும்போது மூத்தவர்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரலாம். பெண்களுக்கென முதன்முதலாக ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். (நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்ததும் அதே ஒலிம்பிக்கில்தான்.) அதுவும் கடலோர நகரம். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முதலில் வந்தார். அதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் கழித்து, சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடல் ஒருபக்கம் சாய்ந்து, ஒரு கை செயலற்றுத் தொங்க, அரங்கினுள் தள்ளாடி வந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேலாயிற்று. தொட்டால் தகுதி இழப்பார் என்பதால் மருத்துவர்கள் அருகிலேயே நடந்து கவனித்தனர். வியர்ப்பதைக் கண்டு தொடர விட்டனர். அவர் 37ஆவதாக வந்து, விரைவில் தேறினார். ஆனால் வியர்வை வருகிறது, ஆகவே ஆபத்தில்லை என்று இன்று யாரும் நம்புவதில்லை. ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் மூளை குழம்பலாம். அந்தக் காட்சியை வீரத்திற்கு எடுத்துக்காட்டாக நாங்களும் வகுப்பில் சொல்லி வந்தவர்கள்தாம். இப்போது சொல்லத் தயங்குகிறோம்.

இனி, இரண்டாம் முறை நாங்கள் ஆயத்தமான விதம். முதலில் செய்தது இரத்தப் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் பிராணவாயு குறையும். எவ்வளவு பயின்றாலும் மூச்சு வாங்கும். குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கணித ஆசிரியைக்கு இருந்தது 10.2! சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் அவரது இருபதாண்டுப் பழக்கம் அன்றோடு நின்றது. தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாது. மருத்துவர் தந்த மாத்திரையும் முருங்கைக்கீரையும் எலுமிச்சைச் சாறுமாக மூன்று மாதத்தில் 12ஐத் தொட்டார். தாய்மார்களே, உங்கள் மகள் ‘எப்போதும் களைப்பாக இருக்கிறது’ என்றால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பயிற்சியைச் செப்டம்பர் நடுவில் தொடங்கிப் பதினாறு வாரம் செய்தோம். வாரம் மூன்று நாள் சிறு ஓட்டம்; ஞாயிறன்று அதிகாலையில் கலங்கரை விளக்கத்திலிருந்து மெரினா கடற்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம். ஆறு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ கூட்டி, டிசம்பரில் பதினெட்டு வரை சென்றோம். வடகிழக்குப் பருவமழை இரண்டு ஞாயிறுகளை விழுங்கிற்று. வேகத்துக்கு ஒரே விதி: பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் நடக்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்தோம். மார்கழிக் கோலங்களை மிதிக்காமல் ஓடுவதே அப்போது பெரிய பயிற்சி.

தண்ணீரைப் பற்றி இரு பக்கமும் தவறு உண்டு. குடிக்காமல் ஓடுவது ஒன்று. கண்ட இடத்தில் எல்லாம் குடிப்பது மற்றொன்று. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியோருள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு தாழ்ந்திருந்தது. மெதுவாக ஓடி, மிகுதியாக நீர் அருந்தியோரே இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். இதற்கும் அறிகுறி தலைவலி, வாந்தி, குழப்பம். நாங்கள் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்தோம். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடினால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறோம். தாகம் எடுத்தபோது குடிப்பதும், வீடு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோரும் எங்களுக்குச் சரியாக இருந்தன.

உடை பற்றிச் சில பெற்றோர் கேட்டனர். தளர்ந்த டீ ஷர்ட்டும் முழுநீளக் கால்சட்டையும் போதும். ஆனால் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்து, தோலை உராய்ந்து புண்ணாக்கும். காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பெருவிரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்க வேண்டும். பந்தய நாளுக்கென்று புதிதாக எதுவும் அணியக் கூடாது.

முதல் நாள் மாலையே எண் அட்டையைச் சட்டையில் ஊசியால் குத்தி வைத்தோம். இரவு எட்டுக்குள் சோறும் ரசமும். மூன்று மணிக்கு எழுந்து இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும். உராயும் இடங்களில் வாசலின். முதல் 5 கிலோமீட்டர் வரை மூவரும் பேசிக்கொண்டே ஓடுவது என்று ஒப்பந்தம். 2024இல் 29 நிமிடத்தில் கடந்த அந்தத் தூரத்துக்கு இம்முறை 41 நிமிடம் ஆயிற்று. முதியவர் ஒருவர் எங்களைத் தாண்டிச் சென்றார். உடற்கல்வி ஆசிரியையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பதினேழாம் கிலோமீட்டரில் அதே மாணவி, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, நின்றிருந்தாள். “டீச்சர், என் பெயர் என்ன?” என்று உரக்கக் கேட்டாள். ஆசிரியை சரியாகச் சொன்னார். “இன்று என்ன கிழமை?” அதையும் சொன்னார். பிறகுதான் வழிவிட்டாள்.

மூவரும் 2 மணி 52 நிமிடத்தில் ஒன்றாக ஓடி முடித்தோம். வீட்டுக்கு வந்து எடை பார்த்ததில் உடற்கல்வி ஆசிரியைக்கு ஒரு கிலோ குறைந்திருந்தது. அறிவியல் ஆசிரியைக்கு எழுநூறு கிராம். கணித ஆசிரியைக்கு மட்டும் இருநூறு கிராம் கூடியிருந்தது. வழியில் எத்தனை டம்ளர் குடித்தார் என்று கேட்டோம், எண்ணவில்லை என்றார்.