குறை கையிலா, முறையிலா?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை நம் வாசுதேவநல்லூர் வழியாகப் போகிறது. அதில் இரவு பகலாக ஓடும் பஸ்களிலே ஏறுகிறவர் யார்? கூலி வேலைக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்! அத்தனை உயிரும் ஒரு பிரேக்கை நம்பி ஏறுகின்றன.

அந்தப் பிரேக்கிலே குறை நேர்ந்துவிட்டால்? "தொழிலாளியின் கவனக்குறைவு!" என்பதுதான் முதலில் கிளம்பும் கூக்குரல். விளக்கம் கேட்பார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள். நாம் கேட்கிறோம்: குறை அவன் கையில் இருந்ததா, அவனுக்குத் தரப்பட்ட முறையில் இருந்ததா?

கணக்கைப் பாருங்கள், தோழர்களே! 100 உறுப்புகளைக் கோத்து ஒரு வண்டி செய்கிறோம். ஒவ்வோர் உறுப்பும் நூற்றுக்கு 99 பழுதற்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் 100 வண்டிகளில் எந்தக் குறையும் இல்லாதவை ஏறத்தாழ 37 தான்! வாயிலில் ஒரு பரிசோதகரை நிறுத்தி இதைத் தீர்க்க முடியுமா? மூடி பொருத்தியபின் உள்ளே இருப்பதை அவர் எந்தக் கண்ணால் காண்பார்?

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும். அதற்கு வழி சொன்னவர் அமெரிக்க அறிஞர் ஷூஹார்ட். 1924இல் அவர் ஒரு வரைபடம் தந்தார். அவ்வப்போது சில உறுப்புகளை அளந்து, புள்ளி வைத்துக்கொண்டே போகவேண்டும். புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், கருவி தேய்வதுபோல் ஏதோ மாறிவிட்டது என்று பொருள். பழுதான உறுப்பு பிறக்குமுன்பே எச்சரிக்கை வந்துவிடுகிறது! மகலனோபிஸ் அழைப்பின்பேரில் 1947-48இல் அவர் இந்தியாவுக்கே வந்து இதை எடுத்துரைத்தார்.

அவர் வழி வந்த டெமிங், ஒரு வேடிக்கை காட்டுவார். பெட்டி நிறைய மணிகள். நூற்றுக்கு 20 சிவப்பு. 50 குழியுள்ள பலகையால் அள்ளவேண்டும். சிவப்பு வந்தால் குறை! சராசரி 10-ஐ ஒட்டியே வரும். குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடுதலாக வந்தவருக்கு வசை, வேலைநீக்கம்! மணிகளைக் கலந்தவர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. குறைகளில் நூற்றுக்கு 94 முறையைச் சேர்ந்தவை, நிர்வாகத்தின் பொறுப்பு என்பது அவர் மதிப்பீடு.

இது நம் நாட்டுக்கு ஆகாத பேச்சா? 1998இல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றதே! தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைதானே அந்தப் பிரேக்கைக் கோத்தது?

ஆகவே நம் கோரிக்கை மூன்று. உயிருக்கு ஆபத்தான இடத்திலும், மூடி மறைக்குமுன்னும், கருவி மாற்றியவுடனும் சோதனை நடக்கட்டும். வரைபடம் அதிகாரியின் மேசைக்குள் உறங்காமல், இயந்திரத்தின் அருகே தொங்கட்டும். புள்ளி வைக்கத் தொழிலாளிக்குக் கற்றுத் தரட்டும். குறை கண்டால் வேலையை நிறுத்தும் உரிமையும் அவனுக்கு வரட்டும். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் கயிற்றை இழுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதனால் அந்த ஆலை அழிந்துவிடவில்லை, வளர்ந்தது!

பழியைச் சுமக்க ஒருவன், அதிகாரத்தைச் சுமக்க இன்னொருவன் என்ற நிலை இருக்கும்வரை குறை தீராது. தடுக்கும் அதிகாரத்தைத் தொழிலாளிக்குக் கொடுங்கள். பிறகு பொறுப்பைக் கேளுங்கள்!