ஜமைக்காவின் தணல் அடுப்பு

கரிபியன் கடலில் ஓர் உல்லாசப் பயணக் கப்பலில் நீங்கள் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு, ஜமைக்காத் தீவின் வடகரைத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நிற்கிறது. மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஊருக்குள் நடக்கிறீர்கள். சாலையோரத்தில் தகரத் தகடுகளால் மூடப்பட்ட ஒரு நீண்ட அடுப்பு. தகடுகளின் இடுக்கிலிருந்து நீலப் புகை கசிகிறது. கிராம்பும் பட்டையும் மிளகும் கலந்தாற்போல் ஒரு மணம். அதுதான் ஜமைக்காவின் புகழ்பெற்ற 'ஜெர்க்' கோழி.

வாயில் நீர் ஊறுகிறது. கூடவே ஓர் ஐயமும் எழுகிறது. வெயிலோ 30 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்பதனப் பெட்டி எதுவும் கண்ணில் படவில்லை. இதைச் சாப்பிடலாமா? வயிறு கெட்டால் மீதிப் பயணம் முழுவதும் படுக்கையில்தான்! சரி, அடுப்பருகே சென்று அங்கு நடப்பதை இயற்பியல் கண்கொண்டு பார்ப்போம். புலால் உண்ணாத நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதே தணலில் சீமைப்பலாக்காயையும் சுடுகிறார்கள்!

மலைக்குள் வளர்ந்த சமையல்

1655-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஜமைக்காவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். அக்குழப்பத்திலும் அதற்குப் பின்னரும், அடிமைகளாக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர் பலர் தப்பி மலைக்காடுகளுக்குள் புகுந்தனர். இவர்களே மரூன்கள். காட்டுப் பன்றியை வேட்டையாடி, உப்பும் மிளகாயும் காட்டு மணப்பொருள்களும் தடவி, தணலில் மெதுவாக வாட்டினர். தீவின் பழங்குடிகளான டைனோ மக்களின் முறையும் இதில் கலந்திருக்கிறது. உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் 'சார்க்கி' என்னும் தென் அமெரிக்கச் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக 'ஜெர்க்' ஆயிற்று என்பர்.

மரூன்களைப் பிடிக்கப் படைகள் தேடிக்கொண்டிருந்தன. காட்டில் எழும் புகைத் தூண் ஒன்றே போதும், இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சூடான காற்று எடை குறைந்தது. அதனால் மேலே எழுகிறது. புகைத் துகள்களையும் தூக்கிச் செல்கிறது. ஆகவே மரூன்கள் குழி தோண்டி, நெருப்பை மூடிச் சமைத்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மூடிய குழியில் காற்று குறைவு. எனவே சுடர் எழாது, தணல் மட்டும் கனலும். இப்படி வாழ்ந்தவர்களை வெல்ல முடியாமல் 1739-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மரூன்களின் தலைவி நானி இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்களுள் ஒருவர்.

இன்று தீவின் கிழக்கே, போர்ட்லண்டு வட்டாரத்தில் உள்ள பாஸ்டன் விரிகுடா என்னும் கடலோரச் சிற்றூர் ஜெர்க்குக்குப் பெயர் பெற்றது. குழி இப்போது அடுப்பாகிவிட்டது. குழியை மூடிய இடத்தில் தகரத் தகடு வந்துவிட்டது.

ஊறுவதும் வேகுவதும்

சமையற்காரர் இறைச்சியைப் பிளந்து தட்டையாக்குகிறார். கத்தியால் ஆங்காங்கே குத்துகிறார். மசாலாவைத் தேய்த்து ஓர் இரவு முழுதும் ஊறவிடுகிறார். ஏன்?

இங்கே ஓர் அழகான விதி உள்ளது. ஒரு பொருளின் உட்பகுதிக்கு வெப்பம் சென்று சேர ஆகும் நேரம், அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்ப அமையும். தடிமன் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். பிளந்து தட்டையாக்கினால், மேற்புறம் கருகுமுன் நடுப்பகுதியும் வெந்துவிடும்.

உப்பு உள்ளே பரவுவதற்கும் இதே இருமடி விதிதான். ஆனால் இறைச்சியில் உப்பு பரவுவது, வெப்பம் பரவுவதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவானது. அதனால்தான் வேக ஒரு மணி நேரம் போதும் என்றால், ஊற ஓர் இரவு வேண்டியிருக்கிறது. கத்தியால் குத்துவது மசாலா கடக்க வேண்டிய தொலைவைக் குறைக்கும் எளிய தந்திரம்.

பச்சைக் கட்டையின் வேலை

அடுப்பின் மீது இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாகப் பச்சை மரக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் இறைச்சியை வைப்பதே பழைய முறை. இது பிமெண்டோ மரம். இதன் உலர்ந்த காய்கள் மிளகு போலவே இருக்கும். மலபார் மிளகைத் தேடிக் கடலேறிய ஸ்பானியர், இதையும் மிளகு என்றே எண்ணி, மிளகுக்கான தம் சொல்லையே இதற்கும் சூட்டிவிட்டனர்! கேரளத்தில் இதைச் சர்வசுகந்தி என்பர். கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்னும் வேதிப்பொருளே இதற்கும் மணம் தருகிறது.

பச்சைக் கட்டை ஏன் உடனே தீப்பற்றுவதில்லை? அதனுள் நீர் இருக்கிறது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த நீர் தீரும்வரை கட்டையின் உட்பகுதி 100 டிகிரியை அதிகம் தாண்டாது. மேலும் மரம் ஓர் அரிதிற் கடத்தி. ஆகவே இரும்புக் கம்பியைப் போல இறைச்சியில் சூட்டுக்கோடு போடாது. மெல்லப் புகைந்து மணத்தை மட்டும் தரும்.

தணலின் கதிர்வீசலும் தகட்டினடியில் சுழலும் சூடான காற்றும் இறைச்சியை வேகவைக்கின்றன. மேற்புறம் உலர்ந்து 140 டிகிரி அளவை எட்டும்போது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் சுவையும் பிறக்கின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெயார் பெயரால் இது மெயார் வினை எனப்படுகிறது. புகை நீலமாகத் தெரிந்தது அல்லவா? அதன் நுண் துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதும் ஒளிச் சிதறலால்தான்.

அப்படியானால் சாப்பிடலாமா?

கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டிவிட்டால், நோய் தரும் நுண்ணுயிரிகள் அழிந்துவிடும். ஆபத்து அதற்குப் பின்புதான் தொடங்குகிறது. ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நுண்ணுயிரிகள் பெருகும். ஏற்ற சூழலில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் 12 முறை இரட்டித்தால், ஒன்று 4,096 ஆகும். நூறு இருந்தால் நான்கு இலட்சத்தைத் தாண்டும்! சில நுண்ணுயிரிகள் விட்டுச்செல்லும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

எனவே கடையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், மூன்றைப் பாருங்கள். இறைச்சியைத் தணலிலிருந்து எடுத்து, ஆவி பறக்கும்போதே வெட்டித் தருகிறார்களா? பச்சை இறைச்சிக்கும் வெந்ததற்கும் தனித்தனிப் பலகையும் கத்தியும் உண்டா? காலையில் சுட்டது மதியம்வரை தட்டில் ஆறிக் கிடக்கிறதா? முதல் இரண்டுக்கும் 'ஆம்', மூன்றாவதற்கு 'இல்லை' என்றால், அச்சமின்றிக் கை நீட்டலாம். கண்ணாடிக் கூண்டுக்குள் வெதுவெதுப்பாகக் காத்திருக்கும் உணவைவிட, இந்தத் தெருவோரத் தணல் பாதுகாப்பானது.

வெப்பமில்லாத எரிச்சல்

முதல் வாய் வைத்ததுமே நாக்கு தீப்பற்றியதுபோல் எரியும். காரணம், ஸ்காட்லாந்துக்காரர்களின் குல்லாய் போன்ற வடிவமுள்ள ஸ்காட்ச் பானெட் மிளகாய். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவையில் இது 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். ஆனால் காய்ச்சல்மானியை வாயில் வைத்தால் வெப்பநிலை ஏறியிருக்காது! நம் நரம்பு முனைகளில் ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் ஒரு புரதம் உண்டு. மிளகாயின் காப்சைசின், உடல் வெப்பத்திலேயே அதைத் திறந்துவிடுகிறது. இப்புரதத்தை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

காப்சைசின் நீரில் கரைவது அரிது, கொழுப்பில் கரையும். எனவே தண்ணீர் குடித்துப் பயனில்லை. பாலோ தயிரோ நல்லது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு உருளைக்கிழங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முழுதாகவும், மற்றதை வில்லைகளாக நறுக்கியும், பெரியவர் ஒருவர் துணையுடன் கொதிநீரில் இடுங்கள். ஒவ்வொன்றும் நடுப்பகுதிவரை வேக எத்தனை நிமிடம் ஆகிறது என்று குச்சியால் குத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லையின் தடிமனை மாற்றி மீண்டும் செய்யுங்கள். மரூன்கள் மலைக்காட்டில், கைப்பழக்கத்தால் அறிந்திருந்த இருமடி விதியை உங்கள் வீட்டு அடுப்பிலேயே காண்பீர்கள்.