மாற மறுத்த கடவுச்சொல்



ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது, அவரவர் உடைமையை அவரவர்க்கே உரியதாகக் காத்து நிற்பது எது? ஒரு சிறு சொல்லே. அதனைக் கடவுச்சொல் என்கிறோம். அச்சொல்லை மாற்ற இயலாமற் போனால் அதன் காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறி ஒன்றைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாணவர் அறுபது பேர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். ஒரு மாலை மாணவி ஒருத்தி பதற்றத்துடன் வந்தாள். "ஐயா, என் கடவுச்சொல் வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது. மாற்றப் பார்க்கிறேன், முடியவில்லை" என்றாள். அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்தக் கணிப்பொறியில்தான் இருந்தது. நான் என் இருக்கையில் இருந்தவாறே நிருவாகிக்குரிய கட்டளையை இட்டுப் புதிய சொல் ஒன்றை அமைத்தேன், உடனே மாறிற்று. "பழைய சொல்லைப் பிழையாக அடித்திருப்பாய், அம்மா" என்று கூறி அனுப்பிவிட்டேன். மறுநாள் வேறு இருவர் அதே குறையுடன் வந்து நின்றனர். பிழை அவர்களிடத்தில் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நோய் அறிய வேண்டுமானால் உடலின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? கடவுச்சொல்லின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய தோழர்களும், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணிப்பொறி முறை ஒன்றைச் செய்து காட்டினர். அம்முறையில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. சொற்கள் யாவும் உள்ளது உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. 1960களின் நடுப்பகுதியில் நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் இருவேறு கோப்புகளைத் திருத்தியபோது அக்கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்றைய வரவேற்புச் செய்தி தோன்றவேண்டிய இடத்தில், உள்ளே நுழைந்தோர் அனைவரும் எல்லாருடைய கடவுச்சொற்களையும் கண்டனர்!

பின்னர் வந்த யூனிக்ஸ் முறையில் சொல்லை அப்படியே வைப்பதில்லை. மீட்டு அறிய இயலாத வேறொரு வடிவமாக அதனை மாற்றி வைக்கின்றனர். இராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் 1979இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை எழுதினர். இன்றைய லினக்ஸ் முறையில், அவ்வாறு மாற்றிய வடிவம் 'ஷேடோ' என்னும் கோப்பில் இருக்கிறது. அதனைச் சாதாரணப் பயனர் படிக்கவும் இயலாது, திருத்தவும் இயலாது.

அங்ஙனமாயின், பயனர் தம் சொல்லைத் தாமே மாற்றுவது எங்ஙனம்? கோயிலில் நாம் கருவறைக்குள் நுழைவதில்லை. அருச்சனைத் தட்டை அருச்சகரிடம் கொடுக்கிறோம். உள்ளே செல்லும் உரிமை பெற்ற அவர் நமக்காகச் செல்கிறார். கடவுச்சொல்லை மாற்றித் தரும் 'பாஸ்வேர்ட்' கட்டளையும் அத்தகையதே. அதனை இயக்குபவர் எவராயினும், அது நிருவாகியின் உரிமையோடு இயங்குமாறு ஒரு முத்திரை அதன்மீது இடப்பட்டிருக்கிறது. இம்முத்திரையைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் ரிச்சி.

இனி, குறையைத் தேடும் வழிக்கு வருவோம். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி: குறை ஒருவர்க்கா, எல்லார்க்குமா? ஒருவர்க்கு மட்டுமெனின், பழைய சொல்லைச் சரியாக அடித்தாரா, பெரிய எழுத்துக்கான விசை அழுந்தியிருந்ததா என்று பார்க்க வேண்டும். புதிய சொல் மிகக் குறுகியதாயினும் எளிதில் ஊகிக்கத்தக்கதாயினும் கணிப்பொறி அதனை ஏற்க மறுக்கலாம். ஒருமுறை மாற்றியபின் சில நாள் கழியும்வரை மீண்டும் மாற்றக் கூடாதென்ற விதியும் இருக்கலாம். ஷேடோ கோப்பில் அவருடைய வரியே விடுபட்டிருக்கவும் கூடும்.

எல்லார்க்கும் எனின், குறை கணிப்பொறியில் இருக்கிறது. வட்டு நிரம்பிவிட்டதா? சொல்லை மாற்றும்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டுப் பழையதன் இடத்தில் வைக்கப்படுகிறது. எழுத இடமில்லையேல் மாற்றமும் இல்லை. வட்டிற் பழுது கண்டு, படிக்க மட்டுமே இயலும் நிலைக்குக் கணிப்பொறி தானே மாறிக்கொண்டதா? இருவர் ஒரே வேளையில் திருத்தாதிருப்பதற்கென்று இடப்படும் பூட்டு, முன்பு தடைப்பட்ட ஒரு பணியினால் நீங்காமலே கிடக்கிறதா? இறுதியாக, கட்டளையின் முத்திரை அழிந்துவிட்டதா?

நான் வட்டைப் பார்த்தேன், இடம் இருந்தது. பூட்டு ஏதும் இல்லை. என் இருக்கையில் இருந்து மாற்றிப் பார்த்தால் மாறுகிறது. பின்னர் ஒரு மாணவர் இருக்கையில் அமர்ந்து, சாதாரணப் பயனராக நுழைந்து முயன்றேன். மாறவில்லை! நிருவாகிக்கு எல்லாக் கதவும் திறந்திருத்தலால், அவர் முயலும்போது முத்திரை இல்லாத குறை வெளிப்படுவதே இல்லை. கட்டளைக் கோப்பின் உரிமைக் குறிப்பைப் பார்த்தேன். 4755 என்று இருக்கவேண்டிய எண் 755 என்றிருந்தது. முந்திய வாரம் பழுதுபட்ட சில கோப்புகளை நானே சேமிப்புப் படியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். படியெடுத்தபோது உள்ளடக்கம் முழுவதும் வந்தது; முத்திரை வரவில்லை. அருச்சகர் தம் உரிமையை இழந்து நம்முடன் வாயிலிலேயே நின்றுவிட்டார்! முத்திரையை மீண்டும் இட்டேன், குறை நீங்கிற்று.

அம்மாணவியை அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் தயங்கியவாறே, "ஐயா, நீங்கள் அமைத்துத் தந்த சொல் உங்களுக்கும் தெரியுமல்லவா? இனி நானே மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். நான் தலைகுனிந்தேன். இருவர் அறிந்தது மறைபொருள் ஆகாது. அதனைத் தன் கையாலேயே மாற்றும் உரிமை அவளுக்கு இருத்தல் வேண்டும் என்பதற்காகவே அம்முத்திரை அமைந்தது. அதனை நான் அழித்ததுமன்றி, பழியையும் அவள்மீது சுமத்தினேன்.

நண்பர்களே, நாளை உங்களிற் பலர் இத்தகைய பொறிகளைப் பேணும் பொறுப்பை ஏற்பீர்கள். "எனக்குச் சரியாக இயங்குகிறதே" என்று சொல்லுமுன், குறை கூறுபவரின் இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள்.