மேடையில் பெண் குரலில் பாடியவர்தான் இளையராஜா, தெரியுமா?

சின்ன வயதில் ஒரு பிரபலத்தைப் பார்த்த கதை யாரிடம்தான் இல்லை! ரயிலில் எதிர் சீட்டில் ஒரு நடிகர், கல்யாண வீட்டில் ஒரு பாடகர்... ஆனால் பார்ப்பது பிரபலத்தை என்றே தெரியாமல் பார்த்த பிள்ளைகள் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க இருந்தார்கள், தெரியுமா? தேனி, கம்பம் பக்கம் வாருங்கள்!

1958. கேரளத்தின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். மலை மேலே தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடம் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டவர் நம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர், பாவலர் வரதராஜன். ரோசம்மா ஜெயித்தார்! அந்தக் காலகட்டத்தில்தான் பாவலரின் தம்பி ராசய்யா, 14 வயதில், அண்ணனின் பாட்டுக் குழுவில் சேர்ந்தார். மேடையில் பெண் குரலில் பாடியது அந்தப் பையன்தான், தெரியுமா? ஆர்மோனியத்தைத் தொட்டால் அண்ணனிடம் பிரம்படி. குரல் உடைந்து இனிப் பெண் குரல் வராது என்றான பிறகுதான் ஆர்மோனியத்தில் அவர் கை நிலைத்தது. மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போன வாண்டுகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே தூங்கியது இளையராஜாவை! 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த சிம்பொனியை எழுதிய அதே இளையராஜாவை!

இன்னும் கேளுங்கள். அதே பண்ணைப்புரத்துக்கு சுகாதாரத் துறை வேலையாக ஒரு வாலிபர் வந்தார். அல்லிநகரத்துக்காரர், பெயர் சின்னச்சாமி. சுகாதார ஆய்வாளர் வந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஊசி போட வந்துவிட்டார் என்று ஓட்டம்தான்! வந்தவருக்கோ மனசெல்லாம் நாடகம். பாவலர் வீட்டுச் சகோதரர்களோடு நட்பானார், அவருடைய நாடகங்களுக்கு அவர்கள் இசை அமைத்தார்கள். அந்தச் சின்னச்சாமிதான் 1977-ல் ‘16 வயதினிலே’ எடுத்த பாரதிராஜா! அந்த அரசாங்க உத்தியோகம் அவரை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தால் தமிழ் சினிமா என்ன ஆகியிருக்கும்? யோசித்தாலே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

வைகை அணைக்காக ஊரே நீருக்குள் போக, வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் ஒரு சிறுவன் இருந்தான், தெரியுமா? வைரமுத்து! வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு வந்துபோனவர்களில் எத்தனை பேர் அந்தப் பிள்ளையை இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்களோ! 1980-ல் ‘நிழல்கள்’ படத்தில் அவர் முதல் பாட்டு எழுதினார். இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா. மூன்று பேரும் ஒரே பள்ளத்தாக்குக்காரர்கள்!

இவர்கள் மட்டுமா? இதே பள்ளத்தாக்கின் நாராயணத்தேவன்பட்டியில் பிறந்தவர் ‘சேது’ படத்தை இயக்கிய பாலா. 2010-ல் வந்த ‘மைனா’ படம் போடிக்கு மேலே குரங்கணியில் எடுத்தது. 1962-ல் தேனித் தொகுதியில் ஜெயித்து, இந்தியாவிலேயே தேர்தலில் வென்ற முதல் நடிகர் என்று பெயர் வாங்கியவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம், வராதவரைப் பார்த்தது! 1984 டிசம்பர் தேர்தலில் ஆண்டிபட்டி வேட்பாளர் எம்.ஜி.ஆர். ஆனால் அவர் படுத்திருந்தது அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில். தொகுதிக்குள் காலடி வைக்காமலே ஜெயித்தார், தெரியுமா? அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்ட, ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கும் ஒரு வேன் வந்தது. பனிக்காலம். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மந்தையில் உட்கார்ந்தோம். தொப்பி எங்கே, சண்டை எப்போது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். திரையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் மூச்சுவிடவில்லை. எங்கள் அப்பத்தா எழுந்து போய், அந்த டிவிப் பெட்டிக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் கன்னத்தோரம் மடக்கி நெட்டி முறித்தது. பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தான்டா சாப்பிடுறாரு" என்றது.