பத்தாம் வகுப்பு வந்தாச்சு... சலங்கை பரணுக்குப் போகணுமா?

ஐந்து வயதில் தட்டடவு, பன்னிரண்டில் அரங்கேற்றம், பத்தாம் வகுப்பு வந்ததும் சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் போடுவது. நம் வீடுகளில் இது சடங்கு போலவே ஆகிவிட்டது. 'காலேஜ் போனதும் ஆடிக்கோயேன்' என்போம். மூன்று வருடம் விட்டுப்போன அரைமண்டி அவ்வளவு சுலபமாகத் திரும்பி வராது என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

பரதநாட்டியத்தையே பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பாடமாக எடுத்துப் படிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பரதம், கதக், குச்சிப்புடி, ஒடிசி, மணிப்புரி, கதகளி எல்லாமே விருப்பப் பாடங்கள். செய்முறைக்கு 70 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 30.

'ஆடத்தானே போறா, என்ன பெரிய படிப்பு?' என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டிய சாஸ்திரம், அபிநய தர்ப்பணம், 28 ஒற்றைக்கை முத்திரைகள், அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை வகுத்துத் தந்த தஞ்சை நால்வரின் வரலாறு என்று படிக்க நிறைய இருக்கிறது. தாளம் போட்டபடி வாயால் ஜதி சொல்லவும் தெரிய வேண்டும். காலில் வந்த ஜதி வாயில் வராமல் திணறும் பிள்ளைகள் உண்டு!

அரங்கேற்றத்தில் குரு அமைத்துத் தந்ததை ஆடினால் போதும். இந்த வயதில் நல்ல ஆசிரியர்கள் சின்னச் சின்னக் கோர்வைகளைப் பிள்ளைகளையே அமைக்கச் சொல்வார்கள். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 அட்சரம். ஒவ்வொன்றிலும் நான்காக 32 மாத்திரை. 'தகதகிட' ஐந்து. அதை இரண்டு முறை சொன்னால் பத்து. பிறகு ஒரு மாத்திரை நிறுத்தம். இப்படிப் பத்து, ஒன்று, பத்து, ஒன்று, பத்து. கூட்டிப் பாருங்கள், சரியாக 32. அடுத்த அடி சமத்தில் வந்து விழும். முதல்முறை தன் கணக்கு தாளத்தோடு பொருந்தும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, சயின்ஸ் குரூப் என்னாவது? ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு ஐந்தாவது பாடமாக நாட்டியத்தை எடுக்க விதியில் இடமுண்டு. ஆனால், பள்ளி அந்தப் பாடத்தை நடத்த வேண்டும். சிக்கலே அங்குதான். பாடத்திட்டத்தில் இருக்கும், பள்ளியில் இருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜினீயரிங் கட்-ஆஃபில் நாட்டிய மதிப்பெண் சேராது. அதை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான்.

நாட்டியமே வாழ்க்கை என்று முடிவெடுத்த பிள்ளைக்கு, ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரா, சென்னை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள், திருச்சி கலைக் காவிரி என வழிகள் இருக்கின்றன. அங்கே சேர்பவர்களுக்கு இந்த இரண்டு வருடத் தொடர்ச்சி பெரிய பலம்.

பிளஸ் ஒன் அட்மிஷனுக்குப் போகும்போது பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாட்டியத்தைப் பொதுத்தேர்வுப் பாடமாக நடத்துகிறீர்களா, அதற்குத் தனி ஆசிரியர் உண்டா? 'ஆனுவல் டேக்கு ஆட வைப்போம்' என்று பதில் வந்தால், அது வேறு விஷயம்.